முதல் மடக்கு அவருக்கு

ஜொகூர் முழுவதும் தேடினாலும் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி ஐயாவைப் போலக் கொய்னா மருந்து குடித்த மனுஷனைப் பார்க்க முடியாது. இத்தனைக்கும் அவருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்து நான் கண்டதில்லை. காய்ச்சல் வந்தது எங்களுக்கு. குடித்தது அவர். கம்பெனி அவரை ஸ்கூடாய் பக்கம் புதிதாகத் திறந்த தோட்டத்துக்கு மாற்றி ஆறு வருஷமாகிறது. இன்றைக்கும் கொய்னாப் போத்தலைக் கண்டால் முதலில் அவர் முகம்தான் வருகிறது. வாய் கசப்பது அப்புறம்தான்.

கம்பெனிக் காகிதத்தில் அவர் டிரசர், டாக்டருக்குக் கீழே மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிறவர். எங்கள் வாயில் ஐயா. அவர் முதுகுக்குப் பின்னால் நான் வைத்த பெயர் கொய்னா மகாராஜா. நான் அந்தத் தோட்டத்தில் யாருக்குத்தான் பெயர் வைக்கவில்லை?

எங்கள் கம்பெனி பெரியது. ஜொகூரில் மட்டும் அவர்களுக்கு ஏழெட்டுத் தோட்டம். எங்களுடையது ஆயர் ஈத்தாம் சாலையிலிருந்து உள்ளே இறங்குகிற செம்மண் பாதையில், சதுப்பை ஒட்டி இருந்தது. சதுப்பு இருந்தால் கொசு, கொசு இருந்தால் காய்ச்சல். அவர் வருவதற்கு முந்தின வருஷம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் புதைக்க இடம் போதாமல், பக்கத்து ரப்பர் மரங்களை, எங்கள் பேச்சில் பால்மரங்களை, வெட்டித் தள்ளினார்கள். மரம் போனதில் துரைக்கு வருத்தம். ஆள் போனதில் கம்பெனிக்கு வருத்தம். சீமையிலிருந்து உத்தரவு வந்தது: தினமும் காலையில் வேலையாள் ஒவ்வொருவரும் கொய்னாத் தண்ணி குடித்த பிறகுதான் பால்மரக் காட்டுக்குப் போக வேண்டும். உத்தரவு போடுவது சுலபம். குடிக்க வைக்க ஓர் ஆள் வேண்டுமே. அதற்கு வந்தவர்தான் இவர்.

ஆள் குட்டை. கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைக் கோட்டு, காலில் கான்வாஸ் சப்பாத்து, கையில் ஒரு குடை. மழைக்கு அவர் குடையை விரித்து நான் பார்த்ததில்லை. அது தேங்கின தண்ணீரைக் கவிழ்க்கிற குடை. நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் சிரட்டை கிடந்தாலும், உடைந்த சட்டி கிடந்தாலும், அதில் ஒரு வாய்த் தண்ணீர் நின்றால் போதும், குடை நுனியால் ஒரு தட்டுத் தட்டிக் கவிழ்த்துவிட்டுப் போவார். ஐயா எந்தப் பக்கம் போனார் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே போனால் ஆள் அகப்படுவார்.

ஒரு நாள் வீராசாமி அண்ணனின் சேவல் குடிக்கிற தகரக் குவளையையும் கவிழ்த்துவிட்டார். வீராசாமி அண்ணன் எங்கள் வேலை வரிசையில் பால் வெட்டுகிறவர். பெரிய மீசை. அந்த மீசைக்குச் செலவான தேங்காய் எண்ணெயில் ஒரு குடும்பம் சமைக்கலாம்.

"ஐயா, என் சேவலுக்குத் தாகம் எடுக்குமே" என்றார் அண்ணன்.

"காலையில ஊத்து. சாயங்காலம் கொட்டு. சேவலுக்கும் புதுத் தண்ணிதான்யா நல்லது."

"அது சொல்லுச்சா உங்ககிட்ட?"

"நீயே சொல்லாததையெல்லாம் உன் நாக்கு எங்கிட்டச் சொல்லுது. சேவல் சொல்லாதா?"

காய்ச்சல்காரனை வேலைக்கு விடுவதில்லை என்பது அவருக்கு ஒரு பிடிவாதம். உடம்பு சுட்டால் ஓய்வுச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்து லயத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆட்களை வேலை வாங்குகிற எங்கள் வரிசைக் கங்காணிக்கு இது வயிற்றெரிச்சல்.

"இப்படி ஆளாளுக்குச் சீட்டுக் குடுத்தா என் வரிசையில யாருங்க பால் வெட்டுறது?"

"இன்னைக்கு அவன் லயத்துல படுக்கலைன்னா நாளைக்கு மேட்டுல போய்ப் படுப்பான். அங்கேருந்து உன் பெரட்டுக்கு வரமாட்டான், பரவால்லியா?"

பெரட்டு என்பது விடியற்காலையில் எல்லாரும் வரிசை கட்டி நின்று பெயர் கொடுக்கிற இடம். ஒரு தடவை அந்தப் பெரட்டுக் களத்துக்கே துரை கண் சிவக்க, பல் தந்தியடிக்க வந்து நின்றார். ஐயா நேராகப் போனார், நெற்றியில் புறங்கையை வைத்தார், அங்கேயே ஒரு சீட்டுக் கிழித்து நீட்டினார். துரை அதைப் படித்தார். எங்களைப் பார்த்தார். பங்களாவுக்குத் திரும்பி நடந்தார். அதற்கப்புறம் கங்காணி சீட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான் நான் ஒரு காரியம் செய்தேன்.

எனக்கு அப்போது இருபது வயசு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு. அதற்கு மேல் வாத்தியார் தாங்கவில்லை. கொய்னாத் தண்ணி வந்த புதிது. ஒரு வாய் குடித்தால் மத்தியானச் சோறுவரை கசக்கும். எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் மரத்தடியில் வீராசாமி அண்ணன் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வாய் ஊறியது.

"அண்ணே, சேதி தெரியுமா? மூவார்லேருந்து துணி விக்க வந்தாரே பாய், அவரு சொன்னாரு. கொய்னா நாள் தவறாமக் குடிச்சா ஆம்பளைக்கு மீசை உதிருதாம்."

"போடா போக்கிரி."

"நான் என்னத்தைக் கண்டேன்? அங்க ரெண்டு தோட்டத்துல ஒருத்தனுக்கும் இல்லையாம். மொழுமொழுன்னு இருக்கானுங்களாம்."

அண்ணன் சிரித்தார். ஆனால் மறுநாள் பெரட்டில் கொய்னாவைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு போய் மரத்தடியில் துப்பினார். அவர் துப்பியதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவன் ஏன் என்று கேட்டான். அவ்வளவுதான். முதல் வரிசையில் மீசையாகக் கிளம்பிய கதை இரண்டாம் வரிசைக்குப் போகும்போது தலைமயிராகிவிட்டது. மூன்றாம் வரிசையில் பல்லும் ஆடத் தொடங்கியது. நாலாவது வரிசை புல்லு வெட்டுகிற பெண்கள். அவர்களுக்கு மீசையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அங்கே கதை வேறு உருவம் எடுத்தது.

நாலு நாள் கழித்து அந்த வரிசையின் தலைவி அஞ்சலை அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"தம்பி, உன் நல்லதுக்குச் சொல்றேன். வெளிய சொல்லாதே. அந்தத் தண்ணி குடிச்சா வயித்துல பிள்ளை நிக்காதாம். ஆம்பளைக்கும் ஆகாதாம். பிள்ளைத்தாச்சிக்கு வேலை குடுக்க முடியலைன்னுட்டுக் கம்பெனிக்காரனே கலக்குறானாம். நீ கல்யாணம் ஆகாத பையன்."

"யாருக்கா சொன்னா?"

"மூவார்லேருந்து வந்த சேதிடா. ஒரு பாய் சொன்னாராம்."

நான் கட்டின கதை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அக்கா சொன்ன தோரணையில், ஒருவேளை அந்தப் பாய் நிஜமாகவே சொல்லியிருப்பாரோ என்று எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. மறுநாள் நானும் துப்பினேன்.

அதற்கு மறுநாள் துப்புகிற வேலைகூட இல்லை. ஐந்து வரிசையும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஒருத்தரும் கிளாசை வாங்கவில்லை. துரை கத்தினார், கங்காணிகள் கத்தினார்கள். ஐயா மட்டும் கத்தவில்லை. விஷயம் என்னவென்று ஒரு கிழவரிடம் மெல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு போத்தலைத் திறந்தார். கிளாசில் அளவாக ஊற்றினார். எங்கள் வரிசைக்கு முன்னால் நின்று அண்ணாந்து ஒரே மடக்காகக் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது. தினமும் சொன்னார்.

எங்கள் வரிசை வாங்கிக் குடித்தது. இரண்டாம் வரிசைக்குப் போனார். அங்கே ஒருத்தன், "அந்த வரிசைக்கு முன்னால நீங்க குடிச்சது பச்சத் தண்ணிங்க. எங்க கண்ணு முன்னால ஊத்திக் குடிங்க" என்றான். குடித்தார். மூன்றாம் வரிசையும் அதையே சொன்னது. அஞ்சலை அக்கா கிளாசை வாங்கி மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அங்கேயும் குடித்தார். ஐந்தாவது வரிசைக்கு அவர் போனபோது யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் யாரும் கையும் நீட்டவில்லை. குடித்தார்.

ஒரு நாள் குடித்தால் போதும் என்றுதான் அவர் நினைத்திருப்பார். மறுநாளும் ஐந்து வரிசையும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. அது அப்படியே பழக்கமாகிப் போனது. கல்யாணத்தில் தாம்பூலம் மாதிரி, முதல் மடக்கு அவர் குடித்தால்தான் பெரட்டு நகரும்.

வீராசாமி அண்ணனுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "அவரு முகத்துல உதிர்றதுக்கு என்ன இருக்கு? மழுமழுன்னு சவரம் பண்ணிட்டு வர்றாரு" என்றார். இது ஐயா காதுக்குப் போனது. அடுத்த வாரம் பார்த்தால் மனுஷன் மேலுதட்டில் கறுப்பும் நரையுமாக ஏதோ முளைத்திருக்கிறது. எங்களுக்காக மீசை வளர்த்தார். அந்த முகத்துக்கு அது கொஞ்சமும் ஒட்டவில்லை. அணில் வாலை ஒட்ட வைத்த மாதிரி இருந்தது. பெரட்டில் வீராசாமி அண்ணனுக்கு முன்னால் ஐயா வந்து நின்று, "இழுத்துப் பாருய்யா" என்று முகத்தை நீட்டினார். அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டு இழுத்தும் பார்த்தார். வரவில்லை. அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது. வலி அடங்கிய பிறகு வேறு ஏதோ ஒன்று உறுத்தியது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காய்ச்சல் குறைந்தது. மேட்டில் புதுக்குழி விழவில்லை. தினம் ஐந்து மடக்கு, மாசக்கணக்கில். கொய்னாவுக்கு ஒரு குணம் உண்டு. அளவோடு போனால் காய்ச்சலை அடக்கும். அளவு மீறினால் காதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் அவர், "இந்த வருஷம் சில்வண்டு ஜாஸ்தியா கத்துதுடா" என்றார். கொட்டுகிற மழையில் ஏது சில்வண்டு? நான் ஆமாம் போட்டேன். பிறகு எங்களோடு உரக்கப் பேச ஆரம்பித்தார். பிறகு நாங்கள் அவரோடு உரக்கப் பேச ஆரம்பித்தோம்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் நான் அவர் முன்னால் போய் நின்று, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தேன். ஏதோ முக்கியமான சேதி சொல்கிற மாதிரி கையையும் ஆட்டினேன். சுற்றி இருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். ஐயா என் வாயைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. காதுக்குள் விரலை விட்டு ஆட்டினார். மறு காதிலும் ஆட்டினார். அப்புறம்தான் மற்றவர்கள் சிரிப்பது அவர் கண்ணில் பட்டது. புரிந்துகொண்டு அவரும் சிரித்தார். ஆனால் விரல் காதிலேயே இருந்தது.

கம்பெனியின் பெரிய டாக்டர் வெள்ளைக்காரர். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை எல்லாத் தோட்டமும் சுற்றி வருவார். அவர் வந்த அன்று நான் காலில் பால்வெட்டுக் கத்தி பட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் கட்டுப் போட உட்கார்ந்திருந்தேன். டாக்டர் ஏதோ கேட்டார், ஐயா பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். பிறகு டாக்டர் தன் பாக்கெட் கடிகாரத்தை எடுத்து ஐயாவுக்குப் பின்னால் போய் நின்று, காதருகே பிடித்தார். டிக்டிக் கேட்டால் கையைத் தூக்க வேண்டும்.

நான் எதிரே இருந்தேன். டாக்டர் கடிகாரத்தை நீட்டும்போதெல்லாம் ஐயாவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினேன். தூக்குங்கள் என்று அர்த்தம். ஐயா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினார். கை மடியிலேயே கிடந்தது.

டாக்டர் சொன்னதை, ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி எங்களுக்குத் தமிழில் சொன்னார். காது கேட்காத டிரசர் நோயாளியின் நெஞ்சில் குழாய் வைத்து என்னத்தைக் கேட்பது? இன்றோடு அவர் கொய்னா குடிப்பதை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் காது திரும்பும். அடுத்த தடவை வரும்போது திரும்பியிருந்தால் வேலை. இல்லாவிட்டால் ஊருக்குக் கப்பல்.

மறுநாள் பெரட்டில் ஐயா கிளாசை நிரப்பி எங்கள் முன்னால் நீட்டினார். "இனிமே நான் குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் உத்தரவு. நீங்க குடிங்க."

"ஏன் குடிக்கக் கூடாதாம்?" என்று ஒருத்தன் கேட்டான்.

"காதைக் கெடுக்குதாம்" என்றார் கங்காணி.

"பார்த்தியா. காதையே கெடுத்திருக்கு. மத்ததைக் கெடுக்காதா?" என்றார் வீராசாமி அண்ணன்.

ஒரு கைகூட நீளவில்லை. ஐயா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். துரை வருகிறாரா என்று பாதையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குடித்தார். ஐந்து வரிசைக்கும் குடித்தார். அவர் நிறுத்தினால் காது பிழைக்கும், எங்களுக்குக் காய்ச்சல் திரும்பும். நிறுத்தாவிட்டால் எங்களுக்குக் காய்ச்சல் இல்லை, அவருக்கு வேலை இல்லை. இப்படி ஒரு முடிச்சைப் போட்டவன் நான். அதுவும் ஒரு மீசைக்காக.

பத்து நாள் இருக்கும். பால் சேகரித்துக்கொண்டு வந்தேன். முன்னால் செம்மண் பாதையின் நடுவில் ஐயா குடையோடு போய்க்கொண்டிருந்தார். பின்னாலிருந்து பால் லாரி இறக்கத்தில் வந்தது. ஹார்ன் அடித்தான். அடித்துக்கொண்டே வந்தான். ஐயா ஒரு சிரட்டையைக் கண்டு குனிந்தார்.

வாளியைப் போட்டுவிட்டு ஓடி அவரை இழுத்துக்கொண்டு ஓரத்தில் தண்ணீர் ஓடுகிற கானில் விழுந்தேன். கொசுவைக் கொல்லக் கானில் கறுப்பு எண்ணெய் தெளித்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. வெள்ளைக் கோட்டு கறுப்பாகிவிட்டது.

"விளையாட ஒரு நேரம் காலம் வேணாமாடா உனக்கு?" என்று என் முதுகில் ஓர் அடி வைத்தார்.

நான் பாதையைக் காட்டினேன். லாரி வளைவில் போய்க்கொண்டிருந்தது. அவர் நின்ற இடத்தின் மேல் சக்கரத் தடம் புதுசாக இருந்தது. சிரட்டை சப்பையாகிக் கிடந்தது. அதை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"கேக்கலைடா" என்றார். அவ்வளவு மெல்ல அவர் பேசி நான் கேட்டு மாசங்கள் ஆகியிருந்தன.



மறுநாள் பெரட்டு. வழக்கம்போல் கிளாசில் ஊற்றி வாயருகே கொண்டுபோனார். நான் வரிசையை விட்டு வெளியே வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"ஐயா, மீசை உதிரும்னு கதை கட்டினது நான்தாங்க" என்றேன், அவர் ஒருத்தருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவர் காதில் கையை வைத்தார். "சத்தமாச் சொல்லுடா."

கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற வீராசாமி அண்ணன் திரும்பினார்.

"இன்னும் சத்தமா."

செய்த தப்பை வேறு யாரிடமாவது என்றால் காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போகலாம். நான் தப்புச் செய்தது காது கேட்காத மனுஷனுக்கு. கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினேன். "மீசையும் உதிராது. பிள்ளையும் பிறக்கும். மூவார் பாய் ஒண்ணும் சொல்லலை. வீராசாமி அண்ணனைக் கேலி பண்றதுக்கு நான் சொன்ன பொய் அது. உங்க காதைக் கெடுத்தது நான்தாங்க."

ஐந்து வரிசையும் கேட்டது. கங்காணிகள் கேட்டார்கள். ஆபீஸ் படியில் நின்ற துரைக்குக் கிராணி மொழிபெயர்த்துச் சொன்னார். பாதைக்கு அப்பால் தன் கிராமமான கம்பத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்.

ஐயா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை விரித்தார்.

"காத்தாட்டம் ஏதோ வருது. வார்த்தை வரலை. வேலைக்கு நேரமாச்சு, அப்புறம் சொல்லு" என்று கிளாசை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார்.

வேறு வழி தெரியவில்லை. அதைப் பிடுங்கி நானே குடித்தேன்.

அது அவருக்குப் புரிந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. என் தலையில் கையை வைத்தார். அதற்குள் வீராசாமி அண்ணன் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு என்னை நோக்கி வந்தார். நாலாம் வரிசையிலிருந்து அஞ்சலை அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"அடிக்காதீங்கப்பா. அடிச்சா ஒரு நாளோட போயிடும். டேய், இனிமே ஐயா பங்கை நீ குடி. அஞ்சு வரிசைக்கும் போய் நின்னு குடி."

"அஞ்சுக்குமா? அலமாக், எனக்கும் காது போயிடுமேக்கா."

"போவட்டும். உன் வாய்க்கு அதுதான் சரி."

அன்று ஐந்து வரிசைக்கும் முன்னால் நின்று குடித்தேன். குடிக்கும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு பேச்சு. பொம்பளைகள் பேசியதை இங்கே எழுத முடியாது. ஆனால் பேசிக்கொண்டே அவர்களும் வாங்கிக் குடித்தார்கள். மத்தியானத்துக்குள் என் காதிலும் சில்வண்டு கத்தியது. எதிரே ஆள் பேசுவது எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஒரு நாளைக்கே இப்படி. அவர் இதை எத்தனை மாசம் சுமந்தார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் தள்ளாடுவதைக் கண்டு ஐயாவே மறுநாள் எனக்கு ஒரே கிளாஸ் என்று நிறுத்திவிட்டார். மற்ற வரிசைகளில் அஞ்சலை அக்கா மாதிரி வரிசைக்கு ஒருவர் முதலில் குடிக்க ஆரம்பித்தார்கள். துரை என்னை ஒன்றும் கேட்கவில்லை. அந்த மாசம் முழுவதும் சதுப்போரத்து மரங்களை எனக்கு ஒதுக்கினார், அவ்வளவுதான்.

ஐயாவிடம் சைகையிலாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அக்கா தடுத்தாள்.

"வேணாம். கோவிச்சுக்கிட்டார்னா பரவால்ல, ரெண்டு அடி வாங்கிக்கலாம். அவரு வருத்தப்படுவாரு. அதை நம்மால பார்க்க முடியாது. காது வரட்டும். அப்புறம் நீயா சொல்லு."

காது வந்தது. எப்படித் தெரிந்தது என்றால், ஒரு சாயங்காலம் அவர் குடையோடு லயத்துப் பக்கம் புறப்பட்டார். அவருக்குப் பின்னால் என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்று எனக்குப் பழகிப்போயிருந்தது. "கொய்னா மகாராஜா நகர்வலம் கிளம்பிட்டாரு" என்றேன்.

நாலடி போனவர் நின்றார். திரும்பினார்.

"மகாராஜாவா? கோட்டைப் பார்த்தா அப்படித் தெரியலையே."

நான் ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பிறகு லயம் லயமாக ஓடி எல்லாருக்கும் சொன்னேன். ஐயாவுக்குக் காது வந்துவிட்டது, இனிமேல் எல்லாரும் பார்த்துப் பேசுங்கள் என்று. நான் கட்டின பொய்யை அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்கலாம். சந்தோஷமான நாளில் எதற்கு என்று விட்டேன். மறுநாள் அவருக்கு வேலை அதிகம். அதற்கு மறுநாள் மழை. இப்படியே பெரிய டாக்டர் வருகிற நாளும் வந்துவிட்டது.

டாக்டர் பெரட்டுக் களத்துக்கே வந்தார். கடிகாரத்தைப் பின்னால் பிடித்தார். ஐயா கையைத் தூக்கினார். இரண்டடி தள்ளிப் பிடித்தார். தூக்கினார். டாக்டர் கை கொடுத்துவிட்டு, நீ குடிப்பதை நிறுத்திய பிறகும் ஆட்களை எப்படிக் குடிக்க வைத்தாய் என்று கேட்டார் போலிருக்கிறது. ஐயா என்னைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு வந்தார். இங்கிலீஷில் சொன்னார். அப்புறம் வரிசைகளின் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னார்.

"இத்தனை பேரும் என்னைச் சந்தேகப்பட்டீங்க. நான் உங்களைக் குத்தம் சொல்லலை. ஆனா இந்தப் பய ஒருத்தன்தான் என்னை நம்பினான். கிளாசை என் கையிலேருந்து பிடுங்கிக் குடிச்சான். என் வேலை இருக்குதுன்னா அது இவனாலதான்."

ஐந்து வரிசையும் நின்றது. அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தரும் சிரிக்கவில்லை. வீராசாமி அண்ணன் தரையைப் பார்த்தார். அஞ்சலை அக்கா என்னைப் பார்த்தாள். சொல்லு என்கிற பார்வை.

வாயைத் திறந்தேன். ஐயா பழக்கத்தில் கையைக் காதுக்குக் கொண்டுபோனார். பாதியில் நினைவு வந்து, சிரித்துக்கொண்டே கீழே போட்டார்.

"சொல்லுடா. இப்பக் கத்த வேணாம். மெல்லச் சொன்னாலே கேக்குது."

"ஒண்ணுமில்லீங்க ஐயா" என்றேன்.

அது அவருக்கு நன்றாகக் கேட்டது.